ஐந்து வரியில் முடிகிற வேலையா வரைபடம்?

"மேப்தானே? ஒரு ஸ்கிரிப்ட் டேக், ஒரு டிவ், ஐந்து வரி ஜாவாஸ்கிரிப்ட். அரை நாள் வேலை." ஜாவாவில் இணையச் செயலி கட்டுகிற குழுக்களில் வரைபடம் பற்றிப் பேச்சு எடுத்தவுடன் வருகிற பதில் இது. மேலாளர் இதை நம்பிக் கெடு குறிக்கிறார். ஃபிரண்ட்எண்ட் பார்க்கிறவர் எங்கிருந்தோ ஒரு துண்டை எடுத்து ஒட்டுகிறார். ஜாவா எழுதுகிறவர் இது தன் பொறுப்பில் வராது என்று ஒதுங்கிக்கொள்கிறார். மூன்று பேரும் தவறு செய்கிறார்கள் என்பதுதான் என் வாதம். ஆண்டுக்கணக்கில் ஓட வேண்டிய ஒரு செயலிக்கு இந்த எண்ணம் அடித்தளத்திலேயே பிழையானது.

எதிர்த்தரப்புக்கு உரிய நியாயத்தை முதலில் கொடுத்துவிட வேண்டும். லீஃப்லெட் என்கிற லைப்ரரியை உக்ரைனின் கீவ் நகரத்தவரான வொலோதிமிர் அகஃபோன்கின் 2011இல் வெளியிட்டார். சுருக்கிய நிலையில் அது ஏறத்தாழ 42 கிலோபைட்தான். அதற்கு முன்பே 2006இல் ஓப்பன்லேயர்ஸ் வந்துவிட்டது. இரண்டும் திறமூலம், இரண்டும் பிஎஸ்டி உரிமம். சில வரிகளில் திரையில் வரைபடத்தைக் கொண்டுவருவது உண்மையிலேயே இவற்றால் முடிகிறது. ஒரு திருமண மண்டபத்துக்கு வழி காட்டும் ஒற்றைப் பக்கத்துக்கு அது போதும். அங்கே என் வாதத்துக்கு வேலை இல்லை. ஆனால் ஒரு மாவட்டத்தின் குடிநீர்த் தொட்டிகளையோ, ஒரு வங்கியின் கிளைகளையோ, மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கும் தெருக்களையோ காட்டப்போகிற ஜாவா செயலிக்கும் அதே ஐந்து வரிதான் என்று சொல்கிறார்கள். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

திரையில் ஒன்றாகத் தெரிகிற வரைபடத்துக்குள் மூன்று தனிப் பொருட்கள் இருக்கின்றன. இழுக்கவும் பெரிதாக்கவும் உதவும் லைப்ரரி ஒன்று. சாலையும் ஆறும் ஊர்ப்பெயரும் வரைந்த பின்னணிச் சதுரங்களான டைல்கள் இரண்டாவது. அவற்றின்மேல் நாம் வைக்கிற நம் சொந்தத் தரவு மூன்றாவது. மூன்றுக்கும் உரிமையாளர் வேறு, உரிமம் வேறு, ஆயுள் வேறு. ஐந்து வரிக் கட்சி இந்த மூன்றையும் ஒன்றாகச் சுருட்டி, மூன்றின் பொறுப்பையும் பெயர் தெரியாத வேறு யாரிடமோ கொடுத்துவிடுகிறது. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

லைப்ரரியை சிடிஎன் எனும் பொது விநியோகச் சர்வரிலிருந்து இழுப்பதுதான் வேகம் என்பது அவர்களுடைய முதல் வாதம். வேறு ஏதாவது தளத்துக்குப் போனபோதே அந்தக் கோப்பு பிரவுசரின் கேஷில் வந்து உட்கார்ந்திருக்கும், நம் தளத்துக்கு அது இலவச லாபம் என்பார்கள். ஒரு காலத்தில் இது உண்மை. குரோம் 2020 அக்டோபரிலும் ஃபயர்ஃபாக்ஸ் 2021 ஜனவரியிலும் கேஷைத் தளத்துக்குத் தளம் பிரித்துவிட்டன. சஃபாரி அதற்கு வெகு முன்பே பிரித்துவிட்டது. ஒரு தளத்துக்காக இறக்கிய கோப்பு இன்னொரு தளத்துக்குப் பயன்படாது. இந்தக் காரணம் செத்துப் பல ஆண்டுகள் ஆகியும் அதை இன்னும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆபத்தோ இன்னும் உயிரோடு இருக்கிறது. பாலிஃபில்.ஐஓ என்கிற முகவரியிலிருந்து ஒரு ஸ்கிரிப்டை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்கள் எடுத்துக்கொண்டிருந்தன. 2024 பிப்ரவரியில் அந்த முகவரி கைமாறியது. ஜூனில் அதே ஸ்கிரிப்டுக்குள் தீய நிரல் புகுத்தப்பட்டிருப்பது வெளியே வந்தது. அந்தத் தளங்களின் உரிமையாளர்கள் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. மாறியது அவர்கள் நம்பியிருந்த முகவரி. ஸ்கிரிப்ட் டேகில் இன்டெக்ரிட்டி ஹாஷ் சேர்த்தால் இதைத் தடுக்கலாமே என்று கேட்கலாம். உள்ளடக்கம் மாறாத கோப்பென்றால் தடுக்கலாம். ஆனால் பதிப்பு எண் இல்லாமல் "லேட்டஸ்ட்" என்று முகவரி கொடுத்திருப்பவரால் ஹாஷ் போட முடியாது. லீஃப்லெட்டின் 2.0 முன்னோட்டப் பதிப்பில் எல்.மேப் என்று அழைக்கும் பழைய முறையே நீக்கப்பட்டிருக்கிறது. பதிப்பைப் பூட்டாதவரின் பக்கம் ஒருநாள் காலையில் வெறுமையாக நிற்கும்.

ஜாவாக்காரர்களை நான் நேரடியாகவே கேட்கிறேன். ஸ்பிரிங்கையோ ஹைபர்னேட்டையோ செயலி ஓடும்போது யாரோ ஒருவருடைய சர்வரிலிருந்து இறக்கிக்கொள்ள ஒப்புவீர்களா? மாட்டீர்கள். போம் கோப்பில் பெயர் எழுதி, பதிப்பு எழுதி, வார் கோப்புக்குள் கட்டி அனுப்புகிறீர்கள். லீஃப்லெட்டுக்கு மட்டும் அந்த ஒழுங்கு எதற்காகத் தளர வேண்டும்? வெப்ஜார்ஸ் என்ற ஏற்பாடு அதற்காகவே இருக்கிறது. லீஃப்லெட்டும் ஓப்பன்லேயர்ஸும் ஜார் வடிவில் கிடைக்கின்றன. மேவனில் ஒரு டிபெண்டென்சி சேர்த்தால் போதும். 2009இல் வந்த சர்வ்லெட் 3.0 முதல், ஜாருக்குள் மெட்டா-இன்ஃப் ரிசோர்சஸ் அடைவில் இருப்பதை டாம்கேட் போன்ற கண்டெய்னர்கள் தாமாகவே பரிமாறுகின்றன. முகவரியிலேயே பதிப்பு எண் இருக்கும். யார் எப்போது எந்தப் பதிப்புக்கு மாற்றினார்கள் என்பது கிட் வரலாற்றில் நிற்கும். வெளி இணைப்பு இல்லாத அலுவலக நெட்வொர்க்கிலும் லைப்ரரி ஏறும்.

இரண்டாவது வாதம், வரைபடம் முழுக்க ஃபிரண்ட்எண்ட் சமாச்சாரம், ஜாவாவுக்கு அதில் இடமில்லை என்பது. பிழைகள் பிறக்கும் இடத்தைப் பார்த்தால் இது நிற்காது.

ஒரு ஜேஎஸ்பி பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பேருந்து நிறுத்தத்தைத் தொட்டால் அதன் பெயர் வர வேண்டும். ஜாவாஸ்கிரிப்டில் 2015 முதல் இதற்கு வசதியான வழி உண்டு. பேக்டிக் குறிக்குள் டாலர் போட்டு, நெளிவு அடைப்புக்குள் மாறியின் பெயரை எழுதுவது. அதை அப்படியே ஜேஎஸ்பிக்குள் எழுதினால், டாலரும் நெளிவு அடைப்பும் ஜேஎஸ்பியின் சொந்த எக்ஸ்பிரஷன் மொழிக்கும் அதே அடையாளம் என்பதால், பக்கம் பிரவுசருக்குப் போவதற்கு முன்பே சர்வர் அதை மதிப்பிட்டுவிடும். அந்தப் பெயரில் சர்வரிடம் ஒன்றும் இல்லை. வெற்றுச் சரம் போய்ச் சேரும். பிழைச் செய்தி எதுவும் வராது. வரைபடம் வரும், புள்ளிகள் வரும், தொட்டால் பெட்டி திறக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. பிரவுசரில் எத்தனை மணி நேரம் தேடினாலும் காரணம் கிடைக்காது, ஏனென்றால் காரணம் பிரவுசரில் இல்லை. வரைபட நிரலைத் தனி ஜேஎஸ் கோப்பில் வைத்துவிட்டால் ஜேஎஸ்பி அதைத் தொடாது. இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டியவர் ஜாவா எழுதுகிறவர்தான்.

இன்னொன்று. ஸ்பிரிங் செக்யூரிட்டி போட்ட செயலியில் வெப்ஜார்ஸ் பாதையைத் திறந்துவிட மறந்தால், லீஃப்லெட் கோப்பைக் கேட்கிற பிரவுசருக்கு லாகின் பக்கத்தின் எச்டிஎம்எல் திரும்பி வரும். கன்சோலில் "எதிர்பாராத கோணக்குறி" என்ற பொருளில் ஒரு சிவப்பு வரி தெரியும். லைப்ரரி கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து வேறு பதிப்பைத் தேடுவார்கள். கெட்டது லைப்ரரி அல்ல, அனுமதி விதி. செயலியை வேறு கான்டெக்ஸ்ட் பாதையில் ஏற்றியதும் 404 வருவதும், லைப்ரரியை வெப்-இன்ஃபுக்குள் வைத்துவிட்டுக் கிடைக்கவில்லையே என்று தேடுவதும், மேவன் ஃபில்டரிங்கைப் பைனரிக் கோப்புகளுக்கும் சேர்த்து இயக்கி அவற்றைச் சிதைப்பதும் இதே குடும்பம்தான். திரையில் தெரிகிற கோளாறுக்குத் திரையில்தான் காரணம் இருக்கும் என்ற நம்பிக்கையே இந்தக் குழப்பத்துக்கு வேர்.

மூன்றாவது வாதம் எல்லாவற்றையும்விடப் பரவலானது: டைல் இலவசமாகக் கிடைக்கிறது, அதைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த வரைபடத் திட்டம் 2004இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கியது. அதன் தரவு எல்லோருக்கும் திறந்தது, பங்களிப்பாளர்களைக் குறிப்பிடும் வரி இருக்க வேண்டும். ஆனால் தரவு திறந்தது என்பதும் அவர்களுடைய டைல் சர்வர் நம் செயலிக்குக் கடமைப்பட்டது என்பதும் ஒன்றல்ல. அந்தச் சர்வர்கள் நன்கொடையில் ஓடுபவை. மொத்தமாக இறக்கக் கூடாது, கேஷ் செய்ய வேண்டும், எந்தத் தளத்திலிருந்து வருகிறீர்கள் என்பதை ரெஃபரர் தலைப்பில் சொல்ல வேண்டும் என்று விதிகளை எழுதி வைத்திருக்கிறார்கள். அளவு மீறினால் முன்னறிவிப்பின்றித் தடுப்போம் என்றும் எழுதியிருக்கிறார்கள். ஸ்பிரிங் செக்யூரிட்டியில் ரெஃபரர் பாலிசியை மதிப்புக் கொடுக்காமல் இயக்கினால் அது நோ-ரெஃபரர் என்று ஆகிவிடும். பாதுகாப்புக்காக நாம் சேர்த்த ஒரு வரி, டைல் கேட்கும் நம் உரிமையை ரத்து செய்துவிடுகிறது. இதுவும் ஜாவா பக்கத்து வேலை.

இலவச டைல்கள் மறைந்துபோன வரலாறும் இருக்கிறது. மேப்குவெஸ்ட் தன் டைல்களை நேரடியாக எடுத்துக்கொள்ளும் வசதியை 2016 ஜூலையில் நிறுத்தியது. ஸ்டேமன் நிறுவனத்தின் அழகான டைல்கள் பழைய முகவரியில் கிடைப்பது 2023 அக்டோபரோடு முடிந்தது. அவற்றை நிரலுக்குள் நேரடியாக எழுதி வைத்திருந்த செயலிகளில் சாம்பல் சதுரங்கள் மிஞ்சின.

அப்படியானால் கூகுளிடம் பணம் கொடுத்து வாங்கிவிடலாம், பெரிய நிறுவனம், நிலையானது என்பார்கள். தரத்தில் கூகுள் மேப்ஸை நான் குறை சொல்லவில்லை. நிலையானது என்பதைத்தான் மறுக்கிறேன். 2018 ஜூலை 16 வரை நாளொன்றுக்கு 25,000 முறை இலவசமாக வரைபடத்தைக் காட்ட முடிந்தது. அன்றைக்குப் பிறகு கட்டணக் கணக்கு கட்டாயமானது. மாதம் 200 டாலர் வரவு வைத்தார்கள். ஆயிரத்துக்கு 7 டாலர் வீதம் அது மாதத்துக்கு ஏறத்தாழ 28,000 முறைக்குத்தான் வரும். ஒரு நாளைக்குக் கிடைத்தது ஒரு மாதத்துக்கு என்று ஆனது. 2024 ஆகஸ்டில் இந்தியாவில் விலையைப் பெருமளவு குறைத்தார்கள். 2025 மார்ச்சில் அந்த 200 டாலர் முறையையே எடுத்துவிட்டு வேறு கணக்கு கொண்டுவந்தார்கள். ஏறியதும் அவர்கள் முடிவு, இறங்கியதும் அவர்கள் முடிவு. முகவரியைக் கொடுத்துக் கூகுளிடம் பெறும் அட்சரேகை தீர்க்கரேகைகளை 30 நாளுக்கு மேல் நம் டேட்டாபேஸில் வைத்திருக்க அவர்களுடைய விதி இடம் தருவதில்லை. நம் கிளைகளின் இருப்பிடப் பட்டியலை நாமே வைத்துக்கொள்ள முடியாத ஏற்பாட்டுக்குப் பெயர் நிலைத்தன்மையா?

இந்தியாவில் இயங்கும் செயலிக்குச் சட்டமும் இருக்கிறது. 1990இல் திருத்தப்பட்ட 1961ஆம் ஆண்டுக் குற்றவியல் சட்டத் திருத்தச் சட்டப்படி, சர்வே ஆஃப் இந்தியாவின் வரைபடத்தோடு ஒத்துப்போகாத இந்திய எல்லையைக் காட்டும் வரைபடத்தை வெளியிட்டால் ஆறு மாதம் வரை சிறை உண்டு. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் பொதுவான டைல்கள் களத்தில் உள்ள கட்டுப்பாட்டு நிலையை வைத்து எல்லை வரைபவை. காஷ்மீர்ப் பகுதியில் அது இந்திய அரசின் வரைபடத்தோடு பொருந்தாது. ஓர் அரசுத் துறைக்கான செயலியில் இந்த டைலை ஒட்டிக் கொடுப்பவர், வாடிக்கையாளரின் தலையில் ஒரு சட்டச் சிக்கலை ஒட்டிக் கொடுக்கிறார். எல்லையை எந்த மூலத்திலிருந்து எடுப்பது என்பது டைல் தேர்வு செய்யும் நாளிலேயே எடுக்க வேண்டிய முடிவு.

நமக்கு முக்கியமான இன்னொன்று, ஊர்ப்பெயர். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவில் பெயரைத் தமிழில் பதிவதற்குத் தனிப் புலம் இருக்கிறது. ஆனால் ஆயத்த டைல் என்பது வரைந்து முடித்த படம். அதில் ஆங்கிலப் பெயர் இருந்தால் இருந்ததுதான். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த ஒருவர் தன் ஊரைத் தன் எழுத்தில் பார்க்க வேண்டும் என்றால் டைல் நம் கையில் இருக்க வேண்டும்.

அது சின்னக் குழுவால் ஆகிற காரியமா என்று கேட்பார்கள். ஆகும். அதுவும் ஜாவாவால் ஆகும். பிளானட்டிலர் என்ற ஜாவா நிரல் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவை வாங்கி வெக்டர் டைல்களாக்கிக் கொடுக்கிறது. பெரிதாக்கல் நிலை 18இல் உலகத்துக்கு ஏறத்தாழ 6,872 கோடி சதுரங்கள் வேண்டும் என்று கணக்குக் காட்டிப் பயமுறுத்துகிறவர்கள் உண்டு. நமக்கு உலகம் தேவையில்லை. ஜியோஃபேப்ரிக் தளத்தில் தென்னிந்தியாவுக்கான துண்டு தனியாகவே கிடைக்கிறது. வெக்டர் டைல் பெயரையும் கோட்டையும் தரவாகவே அனுப்புவதால், குறைந்த நிலைகளில் நிறுத்திக்கொண்டு மேலே பிரவுசரையே பெரிதாக்க விடலாம். விளைவைப் பிஎம்டைல்ஸ் என்ற ஒற்றைக் கோப்பாக எழுதிவிட்டால், கோப்பின் வேண்டிய பகுதியை மட்டும் கேட்கும் ரேஞ்ச் கோரிக்கைக்குப் பதில் சொல்லத் தெரிந்த சாதாரண சர்வர் போதும். டாம்கேட்டுக்கு அது தெரியும். பிரவுசரில் ஓடும் மேப்லிப்ரே என்ற லைப்ரரி அதை வரையும், எந்தப் புலத்தின் பெயரை எழுதுவது என்று ஸ்டைல் கோப்பில் நாம் சொல்லலாம்.

கடைசியாகத் தரவு. செயலியின் உயிரே அதுதான், ஐந்து வரிக் கட்சி ஒரு சொல்கூடச் சொல்லாததும் அதைப் பற்றித்தான். சென்னை வடக்கு அட்சம் 13.08, கிழக்குத் தீர்க்கம் 80.27. லீஃப்லெட் அட்சத்தை முதலில் கேட்கும். ஓப்பன்லேயர்ஸ் தீர்க்கத்தை முதலில் கேட்கும். 2016இல் தரமாக்கப்பட்ட ஜியோஜேசன் தீர்க்கத்தை முதலில் வைக்கும். இடத் தரவுக்கான டேட்டாபேஸ் நீட்சியான போஸ்ட்ஜிஐஎஸ்ஸும் அப்படியே. ஜாவாவின் ஜியோடூல்ஸோ, ஈபிஎஸ்ஜி 4326 என்று கேட்டால் அந்தத் தரத்தின் அதிகாரப்பூர்வ வரிசைப்படி அட்சத்தை முதலில் கொடுக்கும். தீர்க்கம் முதலில் வேண்டும் என்றால் தனியாகச் சொல்ல வேண்டும். இந்தச் சங்கிலியில் ஓரிடத்தில் மாறினால் சென்னையின் நிறுத்தங்கள் எல்லாம் நார்வேயின் ஸ்வால்பார்டுக்கு வடக்கே ஆர்க்டிக் கடலில் போய் நிற்கும். எந்தக் கம்பைலரும் இதைப் பிடிக்காது, இரண்டும் டபுள் எண்கள்தான். வரிசையை ஓர் எல்லையில், ஒரு வகுப்பில், ஒரு டெஸ்டோடு தீர்மானிக்க வேண்டும். அது சர்வர் பக்கம்.

ஐநூறு மீட்டருக்குள் இருக்கும் தொட்டிகளைக் காட்டு என்பது எளிய கோரிக்கை. ஜேடிஎஸ் என்ற ஜாவா வடிவியல் லைப்ரரியில் இரண்டு புள்ளிகளுக்கு இடையே தூரம் கேட்டால், புள்ளிகள் டிகிரியில் இருந்தால் விடையும் டிகிரியில் வரும். 500 என்று ஒப்பிட்டால் உலகமே உள்ளே வந்துவிடும், ஏனென்றால் அட்சத்தில் ஒரு டிகிரியே 111 கிலோமீட்டர். போஸ்ட்ஜிஐஎஸ்ஸின் ஜியாக்ரஃபி வகையில் கேட்டால் மீட்டரில் சரியான விடை வரும், இண்டெக்ஸும் பயன்படும். ஜேடிஎஸ்ஸின் ஜியாமெட்ரியை அப்படியே ஜேசன் எழுதும் ஜாக்சனிடம் கொடுத்தால், அதன் என்வலப் இன்னொரு ஜியாமெட்ரி, அதற்கும் ஒரு என்வலப் என்று முடிவில்லாமல் இறங்கி ஸ்டேக் நிரம்பி விழும். ஜியோஜேசனாக மாற்றும் மாட்யூல் வேண்டும். பட்டியல் முழுவதையும் ஒரே மூச்சில் அனுப்பாமல், திரையில் தெரியும் பரப்பின் நான்கு எல்லைகளை வாங்கிக்கொண்டு அதற்குள் இருப்பதை மட்டும் அனுப்ப வேண்டும். இவற்றில் எந்த ஒன்றும் அந்த ஐந்து வரியில் கிடையாது.

ஜாவாவுக்கு வரைபடம் புதிது என்ற எண்ணத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். ஜியோடூல்ஸ் 1996இல் இங்கிலாந்தின் லீட்ஸில் தொடங்கியது. வரைபடத் தரவைப் பரிமாறும் ஜியோசர்வர் 2001இல் நியூயார்க்கில் தொடங்கியது. கனடாவில் மார்ட்டின் டேவிஸ் எழுதிய ஜேடிஎஸ்ஸை சி பிளஸ் பிளஸ்ஸுக்கு மாற்றியதுதான் ஜியோஸ். போஸ்ட்ஜிஐஎஸ், க்யூஜிஐஎஸ், பைத்தானின் ஷேப்லி எல்லாம் அதன்மேல் நிற்கின்றன. உலகின் திறமூல வரைபடக் கணிதத்தின் ஒரு முக்கியப் பகுதி ஜாவாவில் பிறந்தது.

சொந்தமாக வைத்துக்கொள்வதற்கு விலையும் உண்டு. 2024 ஜூலையில் ஜியோசர்வரில் தொலைவிலிருந்தே நிரலை ஓட்டிவிடக்கூடிய கடுமையான ஓட்டை வெளிவந்தது, தாக்குதலிலும் பயன்பட்டது. புதுப்பிக்காமல் விட்டவர்கள் ஆபத்தில் நின்றார்கள். பொறுப்பை எடுத்துக்கொள்வது என்றால் பராமரிப்பையும் எடுத்துக்கொள்வது. ஆனால் எந்தப் பதிப்பு ஓடுகிறது என்று தெரிந்தவரால்தான் புதுப்பிக்க முடியும். ஒட்டியவருக்கு அதுவும் தெரியாது.

எனவே ஜாவாவில் வரைபடம் அமைக்கப்போகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இவைதான். லைப்ரரியைப் போம் கோப்பில் பதிப்போடு எழுதுங்கள். டைல் முகவரியை நிரலுக்குள் எழுதாமல் சர்வரின் கான்ஃபிகில் வையுங்கள், மாற்ற வேண்டிய நாள் கட்டாயம் வரும். தரவை உங்கள் டேட்டாபேஸில், உங்கள் இண்டெக்ஸோடு, ஜியோஜேசனாகக் கொடுங்கள். அட்சமா தீர்க்கமா என்பதற்கு ஒரு டெஸ்ட் எழுதுங்கள். எல்லைக்கோட்டின் மூலத்தை முதல் நாளே முடிவு செய்யுங்கள். அரை நாள் என்று கெடு கேட்கும் மேலாளரிடம் இது சில வார வேலை என்று தயங்காமல் சொல்லுங்கள்.

வரைபடத்தை நம்பி ஒருவர் தண்ணீர் எடுக்கப் போகிறார், ஒருவர் பேருந்துக்குப் போகிறார், வெள்ளத்தில் ஒருவர் வழி தேடுகிறார். அதை யாரோ ஒருவரின் சர்வரில் விட்டுவிட்டு நம் செயலி என்று பெயர் போட்டுக்கொள்ள நமக்கு உரிமை இல்லை.